தம்பிக்குப் படிக்க வரவில்லையா?

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

சென்ற பெற்றோர் கூட்டத்தன்று வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டிருந்தது. வரிசையில் நின்ற ஒரு தாய் சிஸ்டரிடம், "எங்களுக்கே எழுத்துத் தெரியாது சிஸ்டர். வூட்ல சின்னதுங்களுக்கு நாங்க என்னாத்தச் சொல்லிக் குடுக்கறது?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. சிஸ்டர் பதில் சொல்லத் தொடங்குமுன் அடுத்தவர் வந்துவிட்டார். அந்தத் தாயும் தலையைக் குனிந்தபடி நகர்ந்துவிட்டார். அவர் கேட்ட கேள்வி எங்கள் வீட்டிலும் நான்கு ஆண்டுகளுக்கு முன் எழுந்த கேள்விதான். அதற்கு எங்களுக்குக் கிடைத்த விடையை நம் ஆண்டு மலரில் எழுதினால் நாலு பேருக்காவது பிரயோசனப்படும் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

அன்புத் தோழியரே, உங்கள் வீட்டிலும் ஒரு தம்பியோ தங்கையோ இருக்கலாம். இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ போய்வரும். ஓடும், ஆடும், கதை சொல்லும், கடையில் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வரும். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வாய் அடைத்துவிடும். உடனே நாம் என்ன சொல்கிறோம்? "சோம்பேறி", "மக்கு", "விளையாட்டுப் புத்தி" என்கிறோம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

என் தம்பி 2020 ஜூன் மாதம் முதல் வகுப்பில் சேர வேண்டியவன். அவ்வாண்டு மார்ச்சிலேயே கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டுவிட்டன. பெயர் மட்டும் பதிவேட்டில் ஏறியது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வரும். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் மின்சாரம் இருக்குமா என்பது வேறு கதை. வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி உப்பு மூட்டை ஏற்றப் போகும் அப்பாவின் சட்டைப் பையில் போய்விடும். 2021 நவம்பர் முதல் தேதி சிறுவர்களுக்குப் பள்ளி திறந்தபோது, முதல் வகுப்பறையைக் கண்ணாலும் பார்த்திராத என் தம்பி நேரே இரண்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தான்.

அவனுக்குப் படிக்க வரவில்லை என்பதை நாங்கள் வெகுநாள் கண்டுபிடிக்கவே இல்லை. ஏனென்றால் அவன் படித்தான்! தமிழ்ப் புத்தகத்தின் முதல் பாடத்தை விரல் வைத்துக் கடகடவென்று ஒப்பிப்பான். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்காது. ஒருநாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, அவன் வாய் மூன்றாம் வரியில் இருக்கிறது, விரலோ ஐந்தாம் வரியில் இருக்கிறது. நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்றேன். விழித்தான். யாரோ படிக்கக் கேட்டு முழுப் பாடத்தையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான். அவ்வளவு ஞாபகசக்தி உள்ளவனை மக்கு என்று எப்படிச் சொல்வது? அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். எங்கள் ஊர்ப் பெயர்ப் பலகையில் 'மரக்காணம்' என்பதை அவன் சரியாகச் சொல்லிவிடுவான். தாளில் 'மரம்' என்று எழுதிக் காட்டினால் தெரியாது. ஊர்ப் பெயரை ஒரு படத்தைப் போல மனத்தில் வைத்திருந்தானே தவிர, அதற்குள் எழுத்துகள் இருப்பது அவனுக்குத் தெரியவில்லை. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டே, 'திருவண்ணாமலை' என்று எழுதிய வண்டியைக் காட்டி "திண்டிவனம் பஸ் வந்துடுச்சு" என்றான். முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பது! பெற்றோர்களே, உங்கள் பிள்ளை உண்மையில் படிக்கிறதா என்று அறிய வேண்டுமானால், பாடத்தை முதலிலிருந்து படிக்கச் சொல்லாதீர்கள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள். அல்லது அது இதுவரை பார்த்திராத ஒரு சிறு வரியைக் கொடுங்கள். எழுத்துத் தெரியாத தாயும் இச்சோதனையைச் செய்யலாம். ஒரே சொல்லை இன்று தொட்டுக் கேளுங்கள். நாளை வேறு பக்கத்தில் அதே வடிவத்தைத் தேடித் தொட்டுக் கேளுங்கள். இரண்டு நாளும் வெவ்வேறு விடை வந்தால் விஷயம் புரிந்துவிடும்.

விஷயம் தெரிந்ததும் நான் ஆசிரியை ஆனேன். எனக்கு அப்போது பதினொரு வயது. கையில் மர ஸ்கேல். 'அ' முதல் 'னௌ' வரை 247 எழுத்துகளையும் தினம் எழுத வேண்டும், ஒப்பிக்க வேண்டும். தப்பினால் முழங்கையில் ஓர் அடி. பத்து நாளில் அவன் புத்தகத்தைக் கண்டாலே வயிற்றுவலி என்றான். நான் அதையும் நடிப்பு என்றேன்.

2022 பிப்ரவரி மாதம், மழை ஓய்ந்து அளத்தில் வரப்பைச் சீர்செய்து பாத்தி மிதிக்கும் சமயம். அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோன தம்பி புத்தகப் பையையும் எடுத்துப் போயிருக்கிறான். திரும்பி வந்தபோது பையில் தமிழ்ப் புத்தகம் இல்லை. பாத்திக்கு உப்புநீர் பாயும் வாய்க்காலில் அதைப் போட்டுவிட்டு, "இனிமே நான் அளத்துக்கே வர்றேன், மண்ணு மிதிக்கிறேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். ஏழு வயது! அம்மா அதை எடுத்து வந்து வெயிலில் காய வைத்தார். காய்ந்த பக்கங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அன்று அம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கேலை மட்டும் எடுத்து அடுப்பில் வைத்துவிட்டார்.

எங்கள் பகுதியில் அளத்து வேலைக்குப் போனவர்களை விசாரித்தால், பலரும் ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு என்று சொல்வார்கள். படிப்புக்குச் செலவு செய்ய முடியாமல் நின்றவர்கள் உண்டு. ஆனால் "எனக்குப் படிப்பு ஏறல" என்று சொல்பவர்களும் உண்டு. ஏறவில்லையா, ஏற்றிவிட ஆளில்லையா என்று அன்று முதல் நான் யோசிக்கலானேன்.

மறுநாள் அம்மா தம்பியைத் தெருக்கோடியில் இருந்த ஓர் அக்காவின் திண்ணைக்கு அழைத்துப் போனார். அது இல்லம் தேடிக் கல்வி மையம். நமக்கெல்லாம் பெருமை தரும் ஒரு செய்தி: தமிழ்நாடு முழுவதும் நடந்த அத்திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் திரு. மு.க.ஸ்டாலின் அவர்களால் தொடங்கிவைக்கப்பட்டது நம் மரக்காணம் ஒன்றியத்தைச் சேர்ந்த முதலியார்குப்பத்தில்தான். கொரோனாக் காலத்தில் பாடத்தை இழந்த ஒன்று முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகளுக்கு, மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம், அவர்கள் தெருவிலேயே தன்னார்வலர் பாடம் சொல்லித் தருவார். ஒருவருக்குச் சுமார் இருபது பிள்ளைகள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் இதில் சேர்ந்தனர், பெரும்பாலோர் பெண்கள்.

இதனால் பலன் இருந்ததா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். 2019-இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சோதிக்கப்பட்ட சுமார் 19,000 சிறுவர்களைப் பற்றிய ஆய்வு அது. பள்ளி மூடியிருந்ததால் பிள்ளைகள் இழந்ததில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை, பள்ளி திறந்த ஆறு மாதத்திற்குள் மீட்டுவிட்டார்கள் என்றும், அந்த மீட்சியில் கிட்டத்தட்ட கால் பங்கு இந்த மாலை வகுப்பால் வந்தது என்றும் அதில் கண்டிருக்கிறார்கள். இருந்தாலும் திருப்திப்பட்டுவிட முடியாது. நாடு முழுவதும் வீடு வீடாகச் சென்று எடுக்கப்படும் 'அசர்' கணக்கெடுப்பின்படி, 2022-இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நூறு பேரில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர் சுமார் 5 பேரே. 2024-இல் அது சுமார் 12 ஆக உயர்ந்தது. ஆக, என் தம்பி தனி ஆள் இல்லை. அவனோடு பெருங்கூட்டமே நிற்கிறது.

அந்த அக்கா என்ன மந்திரம் செய்கிறார் என்று பார்க்க நானும் திண்ணை ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் வாரம் அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. என்ன சாப்பிட்டாய், என்ன மீன், அளத்தில் என்ன பார்த்தாய் என்று பேசவிட்டார். பிறகு கரும்பலகையில் ஒரே சொல்லை எழுதினார்: 'உப்பு'. எங்கள் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெரிந்த சொல் உண்டா?

அச்சொல்லில் மூன்று எழுத்துத்தான் இருக்கிறது. உ, ப், பு. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஓர் உயிர், ஒரு புள்ளி வைத்த மெய், ஓர் உயிர்மெய் என்று தமிழெழுத்தின் மூன்று வகையும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. 'உ' என்று ஒரு தட்டு, 'ப்' என்னும்போது உதட்டை மூடி ஒரு கணம் நிறுத்து, 'பு' என்று மறு தட்டு. பிள்ளைகள் தொடையில் தட்டிச் சொன்னார்கள். உதடு மூடி நிற்கிற அந்த நிறுத்தம்தான் புள்ளி என்று வாயாலேயே அறிந்துகொண்டார்கள். அதன்பின் 'ப்பு' என்ற வாலை அப்படியே வைத்துக்கொண்டு முன்னால் மட்டும் மாற்றினார்: பருப்பு, அடுப்பு, துடுப்பு. நான்கு நாளில் தம்பி அதையெல்லாம் தானே கூட்டினான். அதற்கடுத்த வாரம் செருப்பு, நெருப்பு.

இந்தச் 'செ'யில்தான் நம் பிள்ளைகள் இடறுகிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 'செ' என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது 'ச்', பிறகு 'எ'. ஆனால் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு! இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிவிட்டு, இங்கே மட்டும் முதலில் இருப்பதைக் கடைசியில் சொல் என்கிறோம். 'கொ' இன்னும் மோசம். முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் துணைக்கால். நடுவில் அகப்பட்ட எழுத்தை எப்படி விடுவிப்பது? தம்பி 'கொடி' என்பதைக் 'கெ... ஆ... டி' என்று படித்தபோது நான் முன்பு அடித்திருக்கிறேன். அவன் தவறாகப் படிக்கவில்லை. கண்ணில் கண்டதைக் கண்டபடி ஒழுங்காகப் படித்திருக்கிறான். அக்கா அதற்குச் செய்தது, கொம்பையும் எழுத்தையும் துணைக்காலையும் சேர்த்துச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இது மொத்தமும் ஒரு வீடு, உடைக்கக் கூடாது" என்று சொன்னதுதான்.

உகரக் குறியும் இப்படியே. துணைக்கால் எந்த எழுத்தோடு சேர்ந்தாலும் துணைக்கால்தான். ஆனால் கு, சு, டு, து என்று எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. பெரியவர்களாகிய நமக்குப் பழகிவிட்டதால் தெரியவில்லை. ஆகவே 'அ' முதல் 'னௌ' வரை வரிசையாக ஒப்பிக்க வைத்துவிட்டுப் பிறகுதான் சொல் என்பது எனக்கு இப்போது சரியாகத் தோன்றவில்லை. 'ஙௌ' எழுத்தை வைத்துக் குழந்தை எந்தச் சொல்லைப் படிக்கப் போகிறது? ப, ட, ம என்று மூன்றெழுத்துத் தெரிந்தால் படம், பட்டம், மடம் என்று அன்றே படித்துவிடலாமே! வரிசை பிறகு வரட்டும்.

(இங்கே ஒரு செய்தி. இப்போது நாம் எழுதும் ணா, றா, னா, லை, ளை முதலியவை ஒரு காலத்தில் வேறு தனி வடிவங்களில் இருந்தன. பெரியார் 1935 முதல் தம் 'குடி அரசு' இதழில் கையாண்ட எளிய வடிவங்களை ஏற்று, 1978-இல் தமிழ்நாடு அரசு பதின்மூன்று எழுத்துகளைத் திருத்தியது. எங்கள் பரணில் கிடந்த தாத்தாவின் பழைய பாட்டுப் புத்தகத்தை எடுத்தபோது எனக்கே பல எழுத்துகள் புரியவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் நான் எழுத்துக் கூட்டித் திணறியதைப் பார்த்துத் தம்பி கைகொட்டிச் சிரித்தான். அவன் நிலைமை எனக்கு அன்றுதான் முழுதாக விளங்கியது.)

எழுத்துக் கூட்டியும் சொல் பிடிபடாத இடங்கள் உண்டு. 'கடல்', 'மகள்', 'தங்கம்' மூன்றிலும் ஒரே 'க' தான். ஒலியோ மூன்று விதம். குழந்தை 'ம', 'க', 'ள்' என்று தனித்தனியே அழுத்திச் சொல்லும். அது தான் அறிந்த 'மகள்' என்று அதற்குத் தட்டுப்படாது. அப்போது "இன்னொரு தடவை வேகமாச் சொல்லு" என்று மட்டும் கேட்டால் போதும். வேகம் கூடும்போது வாய் தானாகத் திரும்பிப் பழக்கமான சொல்லில் விழும். முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள்!

இதைவிடப் பெரிய இடைஞ்சல், வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, புத்தகத் தமிழ் ஒன்றாக இருப்பது. புத்தகத்தில் 'அவர்கள் வருகிறார்கள்' என்றிருக்கும். எங்கள் வீட்டில் யாரும் அப்படி வருவதில்லை, 'வர்றாங்க' அவ்வளவுதான். காதில் விழாத சொல்லைக் கண் எப்படிப் பிடிக்கும்? ஆகையால் படிக்கத் தெரிந்த அக்கா, அண்ணன்மார் தினமும் ஒரு சிறு கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே வாசித்துக் காட்ட வேண்டும். குழந்தை கேட்டுக்கொண்டிருந்தால் போதும், திருப்பிக் கேள்வி கேட்கக் கூடாது. இன்னொரு வழியும் செய்தேன். தம்பி சொன்னதை அவன் சொன்னபடியே ஒரு பழைய நோட்டில் எழுதினேன். 'ஆயா சங்கரா மீனு வாங்கினு வந்தாங்க. முள்ளு குத்திச்சி.' அவன் வாயிலிருந்து வந்த வாக்கியம் ஆதலால் முழுவதையும் படித்துவிட்டான். இதைத் தமிழாசிரியை பார்த்தால் சிவப்பு மையால் சுழிப்பார்கள் என்று பயந்துகொண்டேதான் எழுதினேன். அந்த நோட்டு நிரம்புவதற்குள் அவன் புத்தகத் தமிழுக்குத் தானே ஏறிவிட்டான்.

இனி எங்கள் ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு விடை இவர்தான்.

என் ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கட்டைவிரல்தான். மையம் முடிந்து வரும் தம்பியை நான் உட்காரவைத்தால் பழைய பயத்தில் முகம் கறுத்துவிடும். அதனால் அம்மா, "ஆயாகிட்டப் போய்ப் படிச்சுக் காட்டு" என்று அனுப்பினார். ஆயா வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்பார். தப்பாகப் படித்தால் திருத்த அவருக்குத் தெரியாது. ஆனால் படித்தது பொருளில்லாமல் இருந்தால், "இன்னாடா அது? வெளங்கலியே" என்பார். தம்பி ஒருநாள் 'மாடு வயலில் பல் தின்றது' என்று படித்தான். "மாடு எங்கடா பல்லைத் தின்னும்?" என்றார் ஆயா. தம்பி திரும்பிப் பார்த்து, "புல்லு ஆயா, புல்லு" என்று தானே திருத்திக்கொண்டான். நான் பக்கத்திலிருந்து "புல்" என்று சொல்லியிருந்தால் அவன் அந்த எழுத்தை மறுபடி பார்த்திருக்கவே மாட்டான். ஆயாவுக்குத் தெரியாததால் அவன்தான் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. கதை நல்ல கட்டத்தில் இருக்கும்போது அவன் நிறுத்தினால், "அப்பாலிக்கு?" என்பார். அந்த 'அப்பாலிக்கு'க்காகவே அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

இது எங்கள் வீட்டு அதிசயம் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். 1970-களின் பிற்பகுதியில் இலண்டன் மாநகரின் ஹாரிங்கே பகுதியில் இதே போன்ற ஒரு சோதனை நடந்திருக்கிறது. ஆறு முதல் எட்டு வயதுள்ள பிள்ளைகளில் ஒரு பிரிவினர் பள்ளிப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று தாய் தந்தையருக்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள். வேறொரு பிரிவுக்குப் பள்ளியிலேயே தனி ஆசிரியர் கூடுதலாகப் பாடம் சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பார்த்தால், வீட்டில் படித்துக் காட்டிய பிள்ளைகளே நன்றாக முன்னேறியிருந்தார்கள். அந்தப் பெற்றோர்களில் ஆங்கிலம் தெரியாதவர்கள், படிக்கவே தெரியாதவர்கள் இருந்தும் பலன் குறையவில்லை. 1982-இல் இதை வெளியிட்டிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தார் இரண்டு ஆண்டு செலவழித்துக் கண்டதை எங்கள் ஆயா வெற்றிலை உரலோடு செய்துகொண்டிருந்தார்!

ஆனால் ஒன்று. கேட்பதென்றால் உண்மையில் கேட்க வேண்டும். தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே "ம், ம்" என்றால் குழந்தைக்கு உடனே தெரிந்துவிடும். தடுமாறினால் மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை பொறுக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடவே கூடாது. பதினைந்து நிமிடம் போதும், தினமும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் பிடித்து உட்காரவைப்பதில் அழுகைதான் மிஞ்சும்.

நேரம் எது என்பது வீட்டுக்கு வீடு மாறும். உப்பு எடுக்கும் மாதங்களில் அம்மாமார் விடியுமுன் அளத்துக்குப் போய் வெயில் ஏறும்வரை உப்புச் சுமந்து வருகிறார்கள். இரவு எட்டு மணிக்கு அவர்களைக் கேட்கச் சொல்வது பாவம். விளக்கு வைத்ததும் ஆறரை மணிக்கு எங்களுக்கு ஒத்துவந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அளத்து வேலை நிற்கிறது. கையில் காசில்லாத கஷ்டமான மாதங்கள். ஆனால் அம்மா வீட்டில் இருக்கும் மாதங்களும் அவைதான். தம்பி அதிகம் முன்னேறியது அப்போதே. புத்தகம் வாங்கப் பணமில்லையே என்பீர்கள். மளிகை சுற்றிய தாள், திருமணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, ரேஷன் கடைப் பலகை எல்லாவற்றிலும் எழுத்து இருக்கிறது. தம்பி விரும்பிப் படித்தது தேர்தல் சுவர் விளம்பரங்களை. எழுத்துப் பெரிதாக இருப்பதால்!

அவன் மூன்றாம் வகுப்புக்குப் போன 2022 ஜூன் மாதத்தில் அரசு 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்துவார்கள். தம்பியை 'அரும்பு' நிலையில் வைத்ததும் அம்மாவுக்கு வருத்தம். என் அபிப்பிராயத்தில் அதுதான் நியாயம். மூன்றாம் படியில் நிற்க முடியாதவனை முதல் படியிலிருந்துதானே ஏற்ற வேண்டும்? பாதி ஆண்டுக்குள் அவன் 'மொட்டு' ஆகிவிட்டான்.

இவ்வளவு செய்தும் ஏழெட்டு மாதத்தில் அசைவே இல்லாத பிள்ளைகள் உண்டு. அவர்களை இன்னும் கடுமையாகப் படிக்க வைப்பதில் பயனில்லை. முதலில் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோகும் குழந்தை, கூப்பிட்டால் திரும்பாத குழந்தை ஆகியோரை மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கவே கூடாது. கண்ணும் காதும் சரியாக இருந்து, பேச்சும் அறிவும் நன்றாக இருந்து, எழுத்தை மட்டும் ஒலியோடு இணைக்க முடியாமல் போவதும் உண்டு. அதை டிஸ்லெக்சியா என்கிறார்கள். பிறவியிலேயே மூளை எழுத்தைக் கையாளும் விதத்தில் உள்ள வேறுபாடு அது. வளர்ப்பின் குற்றமன்று, அறிவுக் குறைவும் அன்று. சென்னையில் இதற்கென்றே மதராஸ் டிஸ்லெக்சியா சங்கம் பல ஆண்டுகளாக இயங்கி வருகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இத்தகைய கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சந்தேகம் இருந்தால் வகுப்பாசிரியையிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். என் தம்பிக்கு இது இல்லை. ஆனால் இருந்திருந்தால், அந்த மர ஸ்கேல் அவனை என்ன செய்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் எங்கள் கரையை நெருங்கிய இரவு, அளமெல்லாம் வெள்ளக்காடாகிக்கொண்டிருந்தபோது, அப்பாவின் கைப்பேசியில் வந்த எச்சரிக்கையை ஆயாவுக்குப் படித்துச் சொன்னவன் தம்பிதான். 'தாழ்வான பகுதிகளில்' என்ற இடத்தில் இரண்டு தரம் நின்றான். ஆயா பொறுமையாகக் காத்திருந்தார்.

இப்போது அவன் ஆறாம் வகுப்பு. இன்னும் மெதுவாகத்தான் படிக்கிறான். 'ழ'வும் 'ள'வும் குழம்புகிறது. அளத்துக்கு வருகிறேன் என்று சொல்வதில்லை. உப்புப் பூத்த அந்தப் புத்தகம் அலமாரியில் இருக்கிறது. மழைக்காலத்தில் தொட்டால் ஈரமாக ஒட்டும். எங்கள் தெருவில் அந்த மாலை மையம் இப்போது இல்லை. அதனால் பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி, மூன்றாம் வகுப்புப் படிப்பவள், ஆறரை மணிக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எங்கள் ஆயாவிடம் வந்துவிடுகிறாள். நேற்று அவளுக்கு 'கொக்கு' என்ற சொல் வரவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். தம்பி என் கையைப் பிடித்து நிறுத்தி, விரல்களை மடக்கி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினான்.